நெவாடாவில் பாலைவன பிக்ஹார்ன் கிடா வேட்டை: விண்ணப்பம் போடுவதிலிருந்து கறி இறக்கும் வரை

எனக்குக் குலுக்கலில் டேக், அதாவது ஒரு கிடாவைச் சுடுவதற்கான அரசு அனுமதி, விழுந்தது 14-ஆவது முறை விண்ணப்பித்தபோது. அதற்கு முன்னால் இரண்டு நண்பர்களுக்கு விழுந்து, அவர்களோடு மூட்டை சுமந்துகொண்டு மலை ஏறியிருக்கிறேன். மூன்று வேட்டையையும் சேர்த்துப் பார்த்தால், துப்பாக்கியைத் தோளில் வைத்த நேரம் மொத்தம் பத்து நிமிடம் இருக்காது. மீதியெல்லாம் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதனால் இங்கே துப்பாக்கி பற்றிக் கொஞ்சமாகவும், பைனாகுலர், தண்ணீர், கால், கிடாவின் வயது பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

தெரியாதவர்களுக்கு: பாலைவன பிக்ஹார்ன் என்பது வறண்ட பாறை மலைகளில் வாழும் காட்டுச் செம்மறி. முதிர்ந்த கிடாவின் கொம்பு காதைச் சுற்றி வளைந்து கன்னத்துக்கு முன்னால் வரும். நெவாடாவின் மாநில விலங்கு இது, அமெரிக்காவிலேயே அதிகமான பாலைவன பிக்ஹார்ன் இருப்பதும் நெவாடாவில்தான். மாநிலத்தின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசுடையது, அதில் பெரும்பங்கு பி.எல்.எம். என்கிற நில மேலாண்மைத் துறையின் கையில் இருக்கிறது, யாரும் போகலாம், கூடாரம் போடலாம். வாடகையும் இல்லை, நில உரிமையாளரிடம் கெஞ்ச வேண்டியதும் இல்லை. கிடைக்காத பொருள் டேக் ஒன்றுதான்.

ஊரில் இருப்பவர்கள் "அருமையான மிருகத்தை எதற்குச் சுட வேண்டும்" என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஹெலிகாப்டரில் பறந்து மந்தையை எண்ணி, அதில் எத்தனை கிடாவை எடுத்தால் மந்தைக்குப் பாதிப்பு வராது என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது வேட்டைக்காகப் பிரித்த பகுதிக்கும், டேக் எண்ணிக்கை முடிவாகிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் பிடிக்கும் வரியை 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே திருப்பிவிடுகிறார்கள். இந்த ஆடுகள் அழிந்துபோன மலைகளில் மறுபடி கொண்டுவந்து விட்டதும், தண்ணீர்த் தொட்டி கட்டியதும் பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் பணத்தாலும் உழைப்பாலும்தான். அந்தத் தொட்டிகளுக்குப் பைப்பும் சிமெண்ட் மூட்டையும் தூக்கியவர்களை எனக்குத் தெரியும்.

டேக் வாங்கும் வழி

நெவாடாவில் விண்ணப்பம் வழக்கமாக மார்ச்சில் திறந்து மே முற்பகுதியில் மூடும், மாதக் கடைசிக்குள் குலுக்கல் முடிவு வந்துவிடும். விழாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு போனஸ் பாயிண்ட் சேரும். குலுக்கலில் அந்தப் பாயிண்டை அதே எண்ணால் பெருக்கி, ஒன்று கூட்டி, அத்தனை சீட்டு உங்கள் பெயருக்குக் கொடுக்கிறார்கள். 3 பாயிண்ட் இருந்தால் 10 சீட்டு, 10 பாயிண்ட் இருந்தால் 101 சீட்டு. என்னிடம் 13 இருந்தது, அதாவது 170 சீட்டு. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது, வேட்டைக்குப் போகும் எண்ணம் இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் என்றாலும் இந்த வருடமே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள், இடையில் விட்டுவிடாதீர்கள். டேக் கட்டணம் நெவாடாவாசிக்கு 120 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 1,200 டாலர், வேட்டை உரிமத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கட்டணமும் தேதியும் மாறக்கூடியவை, அந்த வருடத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நெவாடாவோடு நிற்க வேண்டியதில்லை. அரிசோனாவில் டேக்குகளில் 20 சதவீதம் வரை அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்குப் போகும், மீதிக்குக் குலுக்கல், வாழ்நாளுக்கு ஒரு பாலைவன பிக்ஹார்ன்தான் எடுக்கலாம். யூட்டாவிலும் வாழ்நாளில் ஒருமுறை. நியூ மெக்சிகோவில் பாயிண்ட் முறையே கிடையாது, இருபது வருடமாக விண்ணப்பிப்பவரும் நேற்று வந்தவரும் ஒரே வரிசை, டேக் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள், விழாவிட்டால் திரும்பி வரும். பாயிண்ட் இல்லாத புதியவர் என்றால் நியூ மெக்சிகோவைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 1987-லிருந்து மிகக் குறைந்த எண்ணிக்கையில் டேக் கொடுக்கிறார்கள், அங்கே 2019 ஜூலை முதல் ஈயத் தோட்டாவுக்கு முழுத் தடை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஆட்கள் பலர் எச்1பி விசாவில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். குடியேறும் உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. அதாவது முதலில் உரிமம், அதன் பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது. உரிமம் காலாவதியான மறுநாள் வீட்டில் ரைஃபிள் இருந்தாலும் சிக்கல்தான், அதனால் இந்த விஷயத்தில் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அப்புறம், 1960 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த யாரும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் நெவாடாவில் உரிமம் வாங்க முடியும்.

எந்த யூனிட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு, ஒவ்வொரு யூனிட்டிலும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் கிடா எடுத்தார்கள், சராசரி வயது என்ன, எத்தனை நாள் ஆனது என்று வனவிலங்குத் துறையே வருடா வருடம் வெளியிடுகிறது. எல்லோரும் கொம்பு அளவு இருக்கும் பத்தியைத்தான் பார்ப்பார்கள். நான் நாள் கணக்கைப் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு ஐந்து நாள்தான் விடுப்பு கிடைக்கும், அந்த யூனிட்டில் சராசரி பத்து நாள் ஆகிறது என்றால் அது உங்களுக்கான யூனிட் இல்லை. லாஸ் வேகஸுக்கு வடக்கே இருக்கும் பாலைவனத் தேசிய வனவிலங்குச் சரணாலயம் 1936-ல் இந்த ஆடுகளுக்காகவே ஒதுக்கப்பட்டது, சுமார் 16 லட்சம் ஏக்கர், பார்க்கவே பிரம்மாண்டம். ஆனால் அதன் மேற்குப் பாதி விமானப் படையின் பயிற்சிப் பரப்போடு ஒன்றாக இருக்கிறது, அந்தப் பக்கத்து யூனிட் விழுந்தால் ராணுவத்தின் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும், அவர்கள் சொல்லும் நாளில்தான் உள்ளே போக முடியும். கிழக்குப் பக்கம் ஷீப் ரேஞ்ச் மலைத்தொடர் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரம் வரை போகிறது. இரண்டும் ஒரே சரணாலயம்தான், வேட்டை வேறு வேறு.

டேக் விழுந்த வாரம்

முதலில் அந்தப் பகுதியின் வனவிலங்கு உயிரியலாளருக்கு ஃபோன் போடுங்கள். டேக் விழுந்தவர்களோடு பேசுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி, கூச்சப்பட வேண்டாம். "பெரிய கிடா எங்கே இருக்கிறது" என்று மட்டும் கேட்காதீர்கள். நவம்பர் கடைசியில் கிடாக்கள் எந்த மலை முகத்தில் தனியாகத் திரிகின்றன, எந்தத் தொட்டியில் இந்த வருடம் தண்ணீர் இருக்கிறது, எந்த மண் சாலை வெள்ளத்தில் அறுந்திருக்கிறது, மந்தையில் நிமோனியா வந்ததா, இந்த நாலையும் கேளுங்கள். நிமோனியா வீட்டுச் செம்மறி, வெள்ளாட்டிலிருந்து தொற்றுவது, 2013-ல் மொகாவி பாலைவனத்தின் ஓல்ட் டாட் மலையில் மந்தையில் பலவற்றை வாரிக்கொண்டு போனது. நோய் வந்து போன மந்தையில் குட்டிகள் வருடக்கணக்கில் தங்காது, அதனால் நடுத்தர வயதுக் கிடாக்கள் குறைவாக இருக்கும். அது உங்கள் எதிர்பார்ப்பை மாற்ற வேண்டிய தகவல்.

ஃபோன் பேசி முடித்ததும் வரைபடம். ஆன்எக்ஸ் போன்ற செயலியில் நில உடைமை, வனாந்தரப் பகுதியின் எல்லை எல்லாம் நிறத்தில் தெரியும், சிக்னல் இல்லாத இடத்துக்கென்று முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வனாந்தரப் பகுதி என்று அறிவித்த இடத்துக்குள் எந்த மோட்டார் வண்டியும் போகக் கூடாது, சைக்கிள்கூட முடியாது. அதை ஒரு தடையாகப் பார்க்க வேண்டாம், சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்கத் தயாராக இருப்பவருக்கு மலை காலியாகக் கிடைக்கும்.

தண்ணீர் பற்றிய தவறு

இதில்தான் நாங்கள் முதல் வேட்டையில் மூன்று நாளைப் பறிகொடுத்தோம். நண்பருக்கு லாஸ் வேகஸுக்குக் கிழக்கே மடி மலைகளில் டேக். ஆகஸ்டில் அங்கே போய் ஒரு தண்ணீர்த் தொட்டியை எட்டத்திலிருந்து பார்த்தோம், ஒரே காலையில் ஏழு கிடா, அதில் இரண்டு முதிர்ந்தவை. தொட்டி என்றால், சரிவில் விரித்த தகடோ கட்டிய தளமோ மழைநீரைப் பிடித்து, பக்கத்தில் புதைத்த டாங்கிகளுக்கு அனுப்பி, ஒரு சிறிய குடிவாயில் விடும் அமைப்பு. எங்களுக்கு மனம் நிறைந்துவிட்டது. நவம்பர் 20-ஆம் தேதி சீசன் திறந்ததும் நேராக அதே இடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தோம். மூன்று நாளில் பெட்டையும் குட்டியும்தான் வந்தன, அதுவும் இரண்டாம் நாள் மத்தியானம் ஒரே ஒருமுறை.

காரணம் எளிது, யோசித்திருக்க வேண்டும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை இணை சேரும் காலம், அதோடு கடும் வெயிலும். அப்போது கிடாக்கள் பெட்டைகளைத் தேடி, பெட்டைகள் தண்ணீரைத் தேடி, எல்லாம் ஒரே இடத்தில் கூடும். நவம்பருக்குள் இணை சேருவது முடிந்து, குளிர் வந்து, ஒரு மழை பெய்திருந்தால் புல் துளிர்த்து, அந்த ஈரமே அவற்றுக்குப் போதும். கிடாக்கள் பெட்டைகளை விட்டு விலகி மூன்றும் நான்குமாகக் கூட்டு சேர்ந்து வேறு சரிவுகளுக்குப் போய்விடும். நான்காம் நாள் நாங்கள் தொட்டியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆகஸ்டில் ஒரு ஆடுகூடத் தெரியாத ஒரு தாழ்ந்த முகட்டில்தான் கிடாக்களைப் பார்த்தோம்.

கோடையில் போவது வீண் இல்லை. எத்தனை கிடா இருக்கிறது, எந்த மாதிரிக் கொம்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும், அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கிருந்து அவை எங்கே போகும் என்பதை அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் இரண்டு வாரத்திலும் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வார இறுதிதான் கிடைக்கும் என்றால் ஆகஸ்டை விட்டுவிட்டு நவம்பரை எடுங்கள். விதிவிலக்கு உண்டு: 2020-ல் லாஸ் வேகஸில் அளவிடும்படியான மழையே இல்லாமல் 240 நாள் போனது, தொட்டிகளுக்கு ஹெலிகாப்டரில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் டிசம்பரிலும் ஆடுகள் தண்ணீரை விட்டு விலகாது. அதனால் சீசனுக்கு முந்தைய மாதங்களின் மழைக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள்.

கோடையில் போகும்போது தொட்டிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். வனவிலங்கு தண்ணீர் குடிக்க முடியாதபடி நீர்நிலையிலிருந்து 100 கஜத்துக்குள் முகாம் போடுவது நெவாடாவில் குற்றம், ஆனால் சட்டத்தை விட்டுவிட்டே பேசுவோம்: 43 டிகிரி வெயிலில் தாகத்தோடு இறங்கிவந்த பெட்டை உங்களைப் பார்த்துத் திரும்பி மேலே ஏறினால் அந்தக் குட்டியின் நிலை என்ன. ஒரு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) பாருங்கள், அதுவே தாராளம். தொட்டியில் கேமரா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை பொது நிலத்தில் கேமரா வைக்க நெவாடாவில் தடை, அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்காகக் கேமரா வைப்பதற்கே தடை. ட்ரோன் யோசனையும் வேண்டாம்.

உட்கார்ந்து பார்ப்பது

10x42 (பத்து மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் கழுத்தில், 15x56 இருந்தால் டிரைபாடில், கூட ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப். காசு எதில் போடுவது என்று கேட்டால் ரைஃபிளில் வேண்டாம், இதில் போடுங்கள். டிரைபாட் முக்கியம், கையில் பிடித்துப் பார்த்தால் நடுக்கத்தில் ஆடு எது, கல் எது என்று தெரியாது. அடியில் போட ஒரு நுரைத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்புப் பாறையில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

இருட்டோடு ஏறி, விடியும்போது பார்க்கும் இடத்தில் இருங்கள். வெயில் சரிவில் பட ஆரம்பித்ததும் ஆடுகள் மேயும், அப்போது நகர்வு தெரியும். காலை பத்து மணிக்கு மேல் படுத்துவிடும், பாறை நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்றாகிவிடும். இந்த நேரத்தில்தான் பெரும்பாலானவர்கள் "இங்கே ஒன்றும் இல்லை" என்று எழுந்து அடுத்த மலைக்கு நடந்து, தாங்களே ஆட்டை ஓட்டிவிடுகிறார்கள். உட்காருங்கள். மலையை மனதில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தைக் கண்ணால் முழுதாக மேய்ந்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள், பிறகு வெயில் கோணம் மாறியதும் அதே கட்டங்களை மறுபடி பாருங்கள். முழு ஆட்டைத் தேடாதீர்கள், பின்பக்கத்து வெள்ளைத் திட்டைத் தேடுங்கள், பாறையின் ஓரத்தில் கிடைமட்டமான முதுகுக் கோட்டைத் தேடுங்கள், கொம்பின் வளைவைத் தேடுங்கள். மத்தியான வாக்கில் படுத்த கிடா ஒருமுறை எழுந்து, சோம்பல் முறித்து, காலால் மண்ணைக் கிளறிவிட்டு இடம் மாற்றிப் படுக்கும். என் கிடாவை நான் கண்டது 12.40-க்கு, காலையில் இரண்டு தடவை கடந்துபோன கட்டத்தில். ஒரு கல் எழுந்து நின்றது, அப்படித்தான் தெரிந்தது.

கண்டதும் ஓடாதீர்கள். அதற்கு உங்களைவிடக் கண் கூர்மை, வானத்தின் விளிம்பில் உங்கள் தலை தெரிந்தால் இரண்டு கிலோமீட்டரிலிருந்தே கவனிக்கும். அது படுத்திருக்கும் இடத்தைச் செயலியில் குறித்து, பக்கத்துப் பாறைகளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, மலைக்குப் பின்பக்கமாகச் சுற்றி, காற்று முகத்தில் அடிக்கும் திசையிலிருந்து, முடிந்தால் அதற்கு மேலிருந்து வாருங்கள். படம் எதற்கு என்றால், பக்கத்தில் போனதும் எல்லாப் பாறையும் வேறு மாதிரி இருக்கும், குறி தவறிவிடும்.

எந்தக் கிடா

நெவாடாவில் இப்போது எந்த வயதுக் கிடாவையும் எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் நீங்கள் முதிர்ந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். எட்டு, ஒன்பது வயதுக் கிடா தன் பங்கைச் செய்துவிட்டது, இன்னும் ஓரிரண்டு கோடைதான். நான்கு வயதுக் கிடா இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

வயது கொம்பில் எழுதியிருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வளர்ச்சி நிற்கும் இடத்தில் ஒரு ஆழமான வளையம் விழும். அடித்தண்டிலிருந்து நுனி நோக்கி எண்ணுங்கள். முதிர்ந்த கிடாவில் அடியில் வளையங்கள் நெருக்கமாக விரல் அகலத்தில் இருக்கும், ஏனென்றால் வயதாக ஆகக் குறைவாகத்தான் வளரும். நுனிப்பக்கம் அகலமாக இருக்கும். முதல் வருட வளையம் மங்கல், பல கிடாக்களில் அந்த நுனியே தேய்ந்தும் ஒடிந்தும் போயிருக்கும், அதனால் எண்ணியதோடு ஒன்று கூட்டிக்கொள்வது வழக்கம். மற்ற அடையாளங்களும் உண்டு: நுனி விளக்குமாறு போல மழுங்கியிருப்பது, கழுத்து தடித்திருப்பது, மூக்குத் தண்டு மேடாகி வடு விழுந்திருப்பது. இளம் கிடாவின் கொம்பு நீளமாக, நுனி ஊசியாக, அழகாக இருக்கும், புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான். கொம்பின் பருமன் நுனிவரை ஓடுகிறதா என்று பாருங்கள்.

இதைப் பழக அருமையான இடம் ஒன்று இருக்கிறது, டேக்கும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். லாஸ் வேகஸிலிருந்து அரை மணி நேரத்தில் போல்டர் சிட்டி, அங்கே ஹெமன்வே பூங்கா. ரிவர் மலைகளிலிருந்து பிக்ஹார்ன் மந்தை புல் மேய அந்தப் பூங்காவுக்கே இறங்கிவரும். நான் டேக் விழுந்த கோடையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிடாவுக்கும் பக்கவாட்டில் படம் எடுத்து, வயது இவ்வளவு என்று நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி வளையத்தை எண்ணிச் சரிபார்த்தேன். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பு, எல்லாவற்றையும் வயது கூட்டியே சொல்லியிருந்தேன். ஆறாவது வாரம் ஒரு வயது முன்பின் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டேன். பக்கத்தில் போகாதீர்கள், எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள்.

கொம்பு அளவு பற்றி ஒரே வரி: பூன் அண்ட் கிராக்கெட் என்கிற வேட்டைச் சங்கத்தின் எக்காலப் பதிவேட்டில் சேர 168 புள்ளி வேண்டும், பெரும்பாலான நல்ல கிடாக்கள் அதை எட்டாது, எட்டவில்லை என்று வருத்தப்பட எதுவும் இல்லை.

உடம்பும் சாமானும்

ஜூனிலிருந்து வாரம் மூன்று நாள், முதுகில் பத்துக் கிலோவோடு ஆரம்பித்து இருபது கிலோ வரை, ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். முழங்கால் போவது இறக்கத்தில்தான். நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, ரம்பம் மாதிரி இருக்கும், மெல்லிய அடியுள்ள ஷூ ஒரு வாரத்தில் கிழியும். கெட்டியான அடியுள்ள பூட்ஸை இரண்டு மாதம் முன்பே போட்டுப் பழக்குங்கள், தோல் கையுறையும் ஒரு சீப்பும் எடுத்துக்கொள்ளுங்கள், சோய்யா (cholla) என்கிற முட்கள்ளி ஒட்டினால் கையால் பிடுங்க முடியாது, சீப்பால்தான் தட்டிவிட வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், நவம்பரிலும். வண்டியில் மொத்த நாளுக்கும் வைத்து, மேலும் இருபது லிட்டர். ஸ்பேர் டயர் இரண்டு, சின்ன ஏர் பம்ப், மண்வெட்டி. பகலில் சட்டையோடு இருக்கலாம், ராத்திரி உறைபனி, அதற்கேற்ற தூக்கப் பை. சிக்னல் இல்லாத இடம் என்பதால் செயற்கைக்கோள் மெசேஜ் கருவி ஒன்று கட்டாயம், வீட்டில் இருப்பவரிடம் எங்கே முகாம், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பி.எல்.எம். நிலத்தில் ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள்வரை முகாம் போடலாம்.

ரைஃபிள் .270, .308, 6.5 கிரீட்மூர் என்கிற தோட்டா வகைகளில் எதுவும் போதும், பிக்ஹார்ன் கிடா பெரும்பாலும் 90 கிலோவைத் தாண்டாது. பயிற்சி எடுக்கும்போது மட்டும் மேஜையில் சாய்ந்து சுடாதீர்கள், முதுகுப் பையின் மேல் வைத்து, சரிவில் படுத்து, மூச்சு வாங்கும்போது சுட்டுப் பழகுங்கள். மலையில் அப்படித்தான் இருக்கும்.

சுடும் நேரம்

மேலிருந்து கீழே செங்குத்தாகச் சுடும்போது கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், கோணத்தைக் கழித்துக் காட்டும் தூரமானியை வாங்குங்கள். 300 கஜத்துக்கு மேல் சுட வேண்டியிருந்தால், ஏன் இன்னும் நெருங்க முடியாது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் முடியும், நேரம் நிறைய இருக்கிறது.

இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதமானவன். முதலாவது, கிடாக்கள் கூட்டமாக இருக்கும், பின்னால் இன்னொன்று நின்றால் சுடக் கூடாது, தோட்டா ஊடுருவி அதையும் எடுத்துவிடும். என் கிடாவுக்குப் பின்னால் ஒரு இளம் கிடா நின்றது, நாற்பது நிமிடம் காத்திருந்தேன், கை மரத்துப்போனது, காத்திருந்தேன். சுட்ட பிறகு எல்லாம் சேர்ந்து ஓடும், எது அடிபட்டது என்று குழப்பம் வரும், அதனால் கூட வந்தவர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அவர் சொல்லாமல் இரண்டாவது தோட்டா கிடையாது. இரண்டாவது விஷயம், விழுந்தால் எடுக்க முடியாத இடத்தில் நிற்கும் கிடாவைச் சுடாதீர்கள். பள்ளத்தில் உருண்டால் கொம்பு உடையும், கறி சிதையும், அதை எடுக்க இறங்கும் உங்களுக்கும் ஆபத்து.

அதன் பிறகு

டேக்கை உடனே, அங்கேயே, விதிப்படி பதிவு செய்யுங்கள். படம் எடுக்கும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டு தோலை உரியுங்கள், நவம்பர் என்றாலும் மத்தியான வெயில் கறியைக் கெடுக்கும். நான்கு கால், முதுகுத் தசை, உள் தசை, கழுத்து, விலாக் கறி எல்லாம் துணிப் பைகளில் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். கறியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் தூக்கி வருவது நெவாடாவில் குற்றம், எனக்கு அது அதைவிடப் பெரிய பாவம். இரண்டு பேருக்கு இரண்டு நடை ஆகும், தலையும் தோலும் தனியாக ஒரு கனம். இருட்டில் இறங்கும்போது ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்க வேண்டாம், ஒரு கல் உருண்டால் போதும்.

கறி கொழுப்பில்லாமல் மிருதுவாக இருக்கும், கிடா நாற்றம் அடிக்கும் என்று பயந்தேன், அடிக்கவில்லை. முன்னங்கால் சப்பையை எலும்போடு குக்கரில் வைத்து மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுவலாக இறக்கினோம், முதுகுத் தசையை மட்டும் குக்கரில் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள், கனமான கல்லில் இரண்டு பக்கமும் சுட்டு உடனே எடுத்துவிட வேண்டும்.

கடைசி வேலை: கிடாவை எடுத்த 5 நாளுக்குள் தலையை வனவிலங்குத் துறையிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கொம்பை அளந்து, வயதைப் பதிந்து, பின்பக்கம் ஒரு துளை போட்டு எண் பொறித்த அடைப்பானைப் பொருத்துவார்கள், அது இல்லாத கொம்பு சட்டப்படி உங்களுடையது ஆகாது. போகும் முன் ஃபோன் செய்து நேரம் வாங்குங்கள், கொம்பில் ஒட்டிய மண்ணைத் துடைத்து வையுங்கள், வளையம் தெளிவாகத் தெரியும். நான் மலையில் ஸ்கோப் வழியாக எட்டு என்று எண்ணியிருந்தேன். அங்கே இருந்த பெண்மணி கட்டை விரல் நகத்தால் அடித்தண்டிலிருந்து ஒவ்வொரு வளையமாகத் தொட்டுக்கொண்டே வந்து, தலைமயிரை ஒட்டி நூல் மாதிரி ஒடுங்கியிருந்த ஒன்றில் நிறுத்தி, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்பது.